உங்கள் பாஸ்வேர்டை வெப்சைட் எப்படிப் பாதுகாக்கிறது?

இமெயில், வங்கிக் கணக்கு, ரயில் டிக்கெட் முன்பதிவு என எதற்காக ஒரு தளத்தில் நுழைந்தாலும் யூசர் நேம், பாஸ்வேர்டு கேட்கப்படுகிறது. நாம் டைப் செய்திடும் பாஸ்வேர்டு சரியானதுதானா என்று அந்தத் தளத்தின் சர்வர் எப்படி அறிகிறது? அதனை எங்காவது எழுதி வைத்திருக்குமா? புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலருக்கும் எழும் சந்தேகம் இது. எழுதி வைக்கக் கூடாது என்பதே சரியான முறை. ஆனால் எல்லாத் தளங்களும் இதனைப் பின்பற்றியதில்லை.

அப்படியே எழுதி வைத்தால்...

ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனம், சமூக வலைத்தளங்களுக்கான சிறிய அப்ளிகேஷன்களை வழங்கி வந்தது. 2009 டிசம்பரில் இதன் டேட்டாபேஸ் திருடப்பட்டது. உள்ளே இருந்த சுமார் 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டுகளும் எந்த மறைப்பும் இன்றி, டைப் செய்தபடியே இருந்தன. தகவல் தர வேண்டிய கட்டத்தில், டேட்டாபேஸுக்கான கட்டளையை எழுதி அனுப்பும் எஸ்.க்யூ.எல். இன்ஜெக்ஷன் என்ற வழியில் இத்திருட்டு நடந்தது. பட்டியலை ஆய்வு செய்தபோது, 2 லட்சத்து 90 ஆயிரம் பேர் 123456 என்பதையே பாஸ்வேர்டாக வைத்திருந்தது தெரிய வந்தது.

ஹேஷ் என்னும் அரைத்த மாவு

அரிசியை மாவாக்கலாம், மாவை மீண்டும் அரிசியாக்க முடியாது. ஹேஷ் என்பதும் இப்படித்தான். நீங்கள் தரும் பாஸ்வேர்டு ஒரு கணக்கீட்டின் வழியே வேறொரு நீண்ட எழுத்துக் கோவையாக மாற்றப்படுகிறது. சர்வர் அதனை மட்டுமே சேமித்து வைக்கும். அடுத்த முறை நீங்கள் நுழைகையில், மீண்டும் கணக்கிட்டு இரண்டும் ஒன்றாக உள்ளனவா என்று பார்க்கும்.

ஆனால் இது மட்டும் போதாது. ஒரே பாஸ்வேர்டுக்கு எப்போதும் ஒரே ஹேஷ்தான் கிடைக்கும். எனவே திருடுபவர்கள் லட்சக்கணக்கான சொற்களுக்கு ஹேஷ் தயாரித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2012ல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து வெளியான சுமார் 65 லட்சம் ஹேஷ்களில் பெரும்பாலானவை இப்படித்தான் உடைக்கப்பட்டன. உண்மையில் திருடு போனவை சுமார் 11 கோடியே 70 லட்சம் என்பது 2016ல்தான் தெரிந்தது.

இதற்குத் தீர்வு சால்ட், அதாவது உப்பு. ஒவ்வொருவரின் பாஸ்வேர்டுடனும் வெவ்வேறு எழுத்துகளைச் சேர்த்து அரைப்பதால், இருவரின் பாஸ்வேர்டு ஒன்றாக இருந்தாலும் ஹேஷ் வேறுபடும். ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் இருவரும் யூனிக்ஸ் குறித்து 1979ல் எழுதிய கட்டுரையிலேயே இதனை விளக்கிவிட்டனர். 1999ல் வந்த பிகிரிப்ட் முறை, கணக்கீட்டை வேண்டுமென்றே மெதுவாக்கியது. கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்ப்பவருக்கு இந்தத் தாமதம் பெரும் தடை.

கூட்டம் வந்தால்?

தாமதம் திருடனுக்கு மட்டுமல்ல, சர்வருக்கும் சுமைதான். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் நுழைந்தால் சர்வர் திணறும். எனவே பல சர்வர்களை வைத்து, வருபவர்களை லோட் பேலன்சர் மூலம் பிரித்து அனுப்புகிறார்கள். மேலும், பாஸ்வேர்டு ஒருமுறைதான் சோதிக்கப்படுகிறது. அதன் பின் உங்கள் பிரவுசருக்கு ஒரு டோக்கன் தரப்படும். அடுத்தடுத்த பக்கங்களுக்கு அதனைக் காட்டினால் போதும். எல்லா சர்வர்களும் அதனைச் சரிபார்க்க முடியும் என்பதால், எந்த சர்வர் பதில் தந்தாலும் சிக்கல் இல்லை. பொதுக் கம்ப்யூட்டரில் வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்ய வேண்டும் என்று சொல்வது, இந்த டோக்கனைச் செல்லாததாக்கத்தான்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்ற லிங்க்கில் கிளிக் செய்து பாருங்கள். நல்ல தளம் புதிய பாஸ்வேர்டு அமைக்கவே வழி தரும். பழைய பாஸ்வேர்டையே மெயிலில் அனுப்பினால், ஹேஷ் இன்றி, மீண்டும் படிக்கும்படியே அதனை வைத்துள்ளது என்று பொருள். அத்தளத்தை நம்ப வேண்டாம்.

2. ஒரு தளத்தில் திருடிய பாஸ்வேர்டை மற்ற தளங்களிலும் போட்டுப் பார்ப்பது திருடர்களின் வழக்கம். எனவே ஒவ்வொரு தளத்திற்கும் தனி பாஸ்வேர்டு வையுங்கள். நினைவில் வைப்பது சிரமம் என்றால் பாஸ்வேர்டு மேனேஜர் புரோகிராமைப் பயன்படுத்துங்கள்.

3. இமெயில் பாஸ்வேர்டில் கூடுதல் கவனம் தேவை. மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க் பெரும்பாலும் அங்குதான் வரும். இருநிலைச் சோதனை வசதி இருந்தால் அதனை இயக்கி வையுங்கள்.

தளத்தின் சர்வர் எப்படி அமைக்கப்பட்டுள்ளது என்பது நம் கையில் இல்லை. ஆனால் அங்கு திருட்டு நடந்தால், இழப்பு அந்த ஒரு தளத்தோடு நிற்குமா, வங்கிக் கணக்கு வரை செல்லுமா என்பது நம் கையில்தான் உள்ளது.