ஈறில் ரத்தமா? மோர் மட்டும் போதாது!

இண்டூர்:- தர்மபுரி மாவட்டத்தில் பல்லில் கறை என்றால் 'எல்லாம் ஃபுளோரைடு தண்ணி' என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்ததே அதற்காகத்தான். ஆனால் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தால் தண்ணீர் மேல் பழி போட முடியாது. பல் இடுக்கில் கல்லாக இறுகிய காரையும் அதில் குடியிருக்கும் கிருமியும்தான் பெரும்பாலும் காரணம்.

காரையை பல் டாக்டர்தான் எடுக்க வேண்டும். 'சுத்தம் பண்ணினா பல்லு ஆடிடும்' என்பது வீண் பயம்.

எடுத்தபிறகு நல்ல கிருமி அடங்கிய 'புரோபயாடிக்' மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஈறு வீக்கம் சற்று கூடுதலாக குறைந்ததாக சில ஆய்வுகள் சொல்கின்றன. தயிர், மோரிலும் நல்ல கிருமி உண்டு. ஆனால் அது மாத்திரைக்கு ஈடல்ல. நெல்லிக்காய், கொய்யாவில் உள்ள வைட்டமின் சி ஈறுக்கு பலம். வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டு மோர் குடித்து என்ன பயன்? சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு சீக்கிரம் கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையை கட்டுப்படுத்துவதும் கடினமாகும்.