கையெழுத்துப் போடலாமா?

1894-ஆம் வருஷம் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரில் வக்கீல் தொழில் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்த காந்தியடிகளின் முன்னால் ஒரு தமிழர் வந்து நின்றார். பெயர் பாலசுந்தரம். ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறிச் சென்றவர். உடை கிழிந்திருந்தது, முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் இரத்தம் வழிந்தது, தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடுங்கினார். எல்லாம் எஜமானன் அடித்த அடியின் விளைவு. காந்தியடிகளிடம் இருந்த தமிழ்க் குமாஸ்தா விஷயத்தை விளக்கிச் சொன்னார். அதன்மேல் அடிகள் செய்ததை நேயர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். எஜமானனிடம் சண்டைக்குப் போகவில்லை. முதற் காரியமாகக் காயம்பட்டவரை டாக்டரிடம் அனுப்பிக் காயத்தைப் பற்றி எழுத்து மூலமாகச் சர்ட்டிபிகேட் வாங்கினார். பிறகுதான் மாஜிஸ்டிரேட்டிடம் அழைத்துச் சென்றார். முடிவில் பாலசுந்தரத்தின் ஒப்பந்தம் வேறு எஜமானருக்கு மாற்றப்பட்டு, அவர் அந்த நரகத்திலிருந்து மீண்டார்.

இந்தப் பழங்கதை முசிறியில் நமக்கு நினைவு வந்ததற்குக் காரணம் உண்டு. நம்முடைய ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் மூன்று வாரமாகக் காணோம். விசாரித்ததில், அவனுடைய தகப்பனார் விடியற்காலையில் வாழைத்தார் ஏற்றும் வேலைக்குச் சைக்கிளில் போகும்போது லாரி மோதி முதுகெலும்பு முறிந்தது என்றும், திருச்சி சர்க்கார் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்றும், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்றும் தெரிந்தது. வயது முப்பத்தெட்டு. போய்ப் பார்த்தோம். பையனின் தாயார் கோரைப்பாய்த் தறி வேலைக்குப் போகிறவர். கட்டிலின் காலடியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு முத்திரைத்தாள். லாரிக்காரர் தரப்பில் ஐம்பதாயிரம் ரூபாய் தருவதாகவும், இனிமேல் யாதொரு பாத்தியமும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

"பக்கத்து ஊர்க்காரங்கதான் ஐயா. கோர்ட்டுக்கு இழுத்தா அந்தக் குடும்பமும் கெட்டுப் போகும். கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டார்.

பட்டம் பெற்றோம், கணக்குப் பாடம் நடத்துகிறோம். ஆனால் இந்தக் கேள்விக்கு நமக்கு விடை தெரியவில்லை. "இரண்டு நாள் பொறுங்கள் அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தோம். ஆஸ்பத்திரி வாசலிலேயே இன்னொரு மனிதர் நம்மைப் பிடித்துக்கொண்டார். கையில் வெற்று வக்காலத்துப் பாரங்கள். "செலவு எங்களுடையது, வருவதில் மூன்றில் ஒரு பங்கு போதும்" என்றார். இத்தகைய தரகர்களை ஒடுக்க 1879-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே விதி இருந்தது. 2023-இல் வக்கீல்கள் சட்டத்தைத் திருத்தி மறுபடியும் எழுதினார்கள். ஜெயித்தால் பங்கு என்று பேசிக்கொள்வதை இந்திய வக்கீல் சங்கக் குழுவின் விதிகளும் தடுக்கின்றன. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் யார் விதியைப் படித்துக்கொண்டு நிற்கிறார்கள்?

மறுநாள் முசிறிக் கோர்ட்டு வளாகத்தில் இயங்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்குச் சென்றோம். அங்கே அறிந்துகொண்டதை முப்பது வருஷம் முன்பே அறிந்திருக்க வேண்டும் என்று வெட்கமாக இருந்தது. ஏழைக்கு இலவசச் சட்ட உதவி தருவது ராஜ்யத்தின் கடமை என்று 1976-இல் அரசியல் சட்டத்தில் 39-ஏ என்ற ஷரத்தைச் சேர்த்தார்கள். அதற்கென 1987-இல் இயற்றப்பட்ட சட்டம் 1995 நவம்பர் 9 முதல் அமலில் இருக்கிறது. அதன் 12-ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், உடல் ஊனமுற்றோர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல் வக்கீல் கிடைப்பார். ஊனமுற்றோர் என்ற சொல்லை நாம் இரண்டு தரம் படித்தோம். நடக்க முடியாமற் போன அந்த மனிதருக்கு, அந்த நஷ்டத்தையே காரணமாகக் கொண்டு, இலவச வக்கீலைக் கேட்க உரிமை இருக்கிறது! 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டும் உதவி கேட்கலாம்.

'பக்கத்து ஊர்க்காரர் கெட்டுப் போவார்' என்ற தாயாரின் சங்கடத்துக்கும் அங்கேயே பதில் கிடைத்தது. மூன்றாவது மனிதருக்கு நேரும் விபத்துக்காக ஒவ்வொரு மோட்டார் வண்டியும் இன்ஷூரன்ஸ் செய்திருக்க வேண்டும் என்பது 1939-ஆம் வருஷத்துச் சட்டத்திலிருந்தே உள்ள ஏற்பாடு. 1988-இல் வந்த சட்டத்திலும் அப்படியே. இன்ஷூரன்ஸ் ஒழுங்காக இருந்தால் பணம் கொடுப்பது கம்பெனி. வண்டிக்காரரின் நிலம் விலையாகாது. இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால்தான் அவர் தலையில் விடியும். இந்த லாரிக்கு இருந்தது. அப்படியிருக்க ஐம்பதாயிரத்துக்கு ஏன் அவசரம் என்பதை நேயர்களே ஊகிக்கலாம்.

ஐம்பதாயிரம் எங்கே, நியாயமான தொகை எங்கே என்று பார்ப்பதற்குக் கணக்கு உபாத்தியாயர் போதும். உச்ச நீதிமன்றம் 2009-இல் வயதுக்கு ஏற்ற பெருக்கு எண்களைத் திட்டப்படுத்தியது. 36 முதல் 40 வயதுக்கு அது 15. சொந்தத் தொழில் அல்லது கூலி செய்யும் நாற்பது வயதுக்குட்பட்டவருக்கு, எதிர்காலத்தில் வருமானம் உயரக்கூடும் என்பதற்காக நூற்றுக்கு 40 சேர்க்க வேண்டும் என்பது 2017-ஆம் வருஷத்துத் தீர்ப்பு. மாதம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 1,44,000, நாற்பது சதவீதம் சேர்த்தால் 2,01,600, பதினைந்தால் பெருக்கினால் 30,24,000. வைத்தியம், வலி, துணையாள் செலவு எல்லாம் இதற்கு மேலே.

இதிலே ஒரு கண்ணி உண்டு. டாக்டர் ஊனத்தைச் சதவீதத்தில் எழுதுகிறார். ஓர் உறுப்பின் ஊனம் அறுபது சதவீதம் என்றால், சம்பாத்தியமும் அறுபதுதான் போயிற்று என்று கணக்கிட்டுவிடுவது எளிது. நமது கணக்கில் அதனால் 12,09,600 ரூபாய் குறைந்துபோகும். இது தவறு என்று உச்ச நீதிமன்றம் 2010 அக்டோபரில் விளக்கமாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இடது கையை இழந்தவர் தச்சராகவோ டிரைவராகவோ இருந்தால் பிழைப்பு ஏறக்குறைய முழுவதும் போயிற்று; அவரே சர்க்கார் குமாஸ்தாவாக இருந்தால் வேலை போகாமலும் இருக்கலாம். ஆகவே என்ன தொழில் செய்தார், இனி என்ன செய்ய முடியும் என்பதைச் சாட்சியத்தால் காட்ட வேண்டும். தார் சுமந்தவருக்குத் தண்டுவடம் போனபின் மிச்சம் எத்தனை சதவீதம்?

சம்பளச் சீட்டு இல்லையே என்று தாயார் கவலைப்பட்டார். 2011-இல் ஒரு கூலித் தொழிலாளியின் வழக்கில், தஸ்தாவேஜு இல்லாவிட்டாலும் மாதம் 4,500 ரூபாய் என்று அவர் சொன்னதை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. விபத்து நடந்தது 2004-இல். துணையாள் செலவு விஷயத்தில் 2020 பிப்ரவரித் தீர்ப்பு ஒன்று மிக முக்கியமானது. 2007-இல் பன்னிரண்டு வயதில் மூளையில் அடிபட்டுப் படுக்கையோடு ஆகிவிட்ட ஹரியானாச் சிறுமி ஒருத்திக்கு மொத்தம் 62,27,000 ரூபாய் அளித்தார்கள். ஆயுள் முழுவதும் இருவர் உடனிருந்து பார்ப்பதற்கு மட்டும் அதில் 21,60,000. நம் வீடுகளில் மனைவியோ தாயோ வேலையை விட்டுவிட்டுச் செய்யும் சிசுருஷைக்கு யாரும் விலை போடுவதில்லை. அந்தத் தீர்ப்புப் போட்டது.

காகிதங்கள்தாம் எல்லாவற்றுக்கும் ஆதாரம். போலீஸ் முதல் தகவல் அறிக்கை, ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல், வைத்தியக் குறிப்பு, ஊனச் சான்று, ஆட்டோவுக்குக் கொடுத்த கூலிச் சீட்டுவரை ஒன்றும் எறியலாகாது. மனுவை விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்பதில்லை. காயம்பட்டவர் வசிக்கும் இடத்திலும் போடலாம். ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கின்றன. அவற்றை நம்பி உட்கார்ந்திருப்பது புத்திசாலித்தனமல்ல. மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால், பலத்த காயத்துக்கு 50,000, மரணத்துக்கு இரண்டு லட்சம் என்று தனித் திட்டம் இருக்கிறது. அதற்கு வருவாய்க் கோட்ட அதிகாரியிடம் மனுச் செய்ய வேண்டும்.

கோயிலுக்கும் காதுகுத்துக்கும் சரக்கு வண்டியில் ஏறிப் போகும் நம் ஜில்லா வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 ஆகஸ்டில் துறையூர்ப் பக்கத்தில் அப்படிப் போன வண்டி கிணற்றில் விழுந்து எட்டுப் பேர் மாண்டனர். சரக்கு வண்டியில் சும்மா ஏறிச் செல்பவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரக்குக்கு உடையவர் கூடச் சென்றால் அது வேறு. வண்டியில் கால் வைக்கும்போது இதை யாரும் நினைப்பதில்லை.

முத்திரைத்தாளில் தாயார் கையெழுத்துப் போடவில்லை. முசிறிச் சப் கோர்ட்டில் மனுத் தாக்கலாகிவிட்டது. குழு நியமித்த வக்கீல், இளம்பெண், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வந்து வக்காலத்து வாங்கிப் போனார். தீர்ப்புக்கு நாளாகும் என்கிறார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி அப்பீல் செய்தால் மதுரைக் கிளை வரையில் போகும். கிடைக்கும் பணத்தில் பெரும்பகுதியைப் பாங்கியில் டெபாசிட்டாக வைத்து வட்டியை மட்டும் தரச் சொல்வதும் வழக்கம். அதை இப்போதே தாயாரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

தகப்பனார் வீட்டுக்கு வந்துவிட்டார். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கு ஒரு தரம் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தாயார் தறிக்குப் போகும் நாட்களில் காலை முறை பையனுடையது. அந்த நாட்களில் முதல் மணி அடித்துப் பத்து நிமிஷம் கழித்துத்தான் வகுப்புக்கு வருகிறான். நாம் அதை ஆஜர்ப் புத்தகத்தில் குறிப்பதில்லை.