சந்தா உயர்வும் அங்கத்தவரின் ஆட்சேபனைக் கடிதமும்

விளையாட்டுக் கழகமொன்றின் அறிவித்தற் பலகையில் சந்தா உயர்வு பற்றிய அறிவித்தல் ஒட்டப்படும்போது அங்கத்தவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றையே செய்கின்றனர். ஒரு சாரார் மைதான ஓரத்தில் நின்று முணுமுணுத்துவிட்டுப் பணத்தைச் செலுத்துகின்றனர். மறுசாரார் ஒரு வார்த்தையும் கூறாது விலகிவிடுகின்றனர். இரண்டினாலும் நிர்வாக சபைக்கு எதுவும் தெரியவருவதில்லை. எழுத்துமூலம் ஆட்சேபிப்பது என்ற மூன்றாவது வழியைப் பலரும் நாடுவதில்லை. அக்கடிதம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இங்கு நோக்குவோம்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். கழகங்களின் செலவு அதிகரித்திருப்பது பொய்யல்ல. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. மின்கட்டணம் 2022 ஓகஸ்ட்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டது. எனினும் அதன் பின்னர் அக்கட்டணம் பல தடவைகள் ஏறியிறங்கி, 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைக்கப்பட்டு, அதே ஆண்டு ஜூனில் 15 சதவீதம் கூட்டப்பட்டது. எனவே "பொருளாதார நெருக்கடி" என்ற ஒற்றைச் சொல் எல்லா ஆண்டுகளின் உயர்வுக்கும் போதிய விளக்கமாகிவிடாது. எந்தச் செலவு, எந்த ஆண்டில், எவ்வளவு கூடியது என்று கேட்பதற்கு அங்கத்தவருக்கு உரிமையுண்டு.

கடிதம் எழுத அமர்வதற்கு முன்னர் கழகத்தின் யாப்பை வாசிப்பது அவசியம். சந்தாவைத் தீர்மானிக்கும் அதிகாரம் நிர்வாக சபைக்கா, பொதுக்கூட்டத்துக்கா உரியது? கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்னறிவித்தல் கொடுக்கப்பட வேண்டும்? கூட்ட நடப்பெண் எவ்வளவு? பொதுக்கூட்டத்துக்கு உரிய அதிகாரத்தை நிர்வாக சபை தானே கையிலெடுத்திருப்பின், உயர்வு நியாயமானதா என்ற விவாதத்துக்கு முன்னரே அத்தீர்மானம் முறையற்றதாகிவிடும். தனியார் உடற்பயிற்சி நிலையமாயின் யாப்புக்குப் பதிலாக நாம் ஒப்பமிட்ட படிவத்தையே நோக்க வேண்டும். ஏற்கனவே செலுத்திய காலப்பகுதிக்குள் கட்டணத்தை மாற்ற அதில் இடமுண்டா என்பதே அங்கு முதற் கேள்வியாகும்.

அடுத்தது கணக்கு. உதாரணமாக, ஆண்டுச் சந்தா 1,200 ரூபாவிலிருந்து 3,000 ரூபாவாக உயர்த்தப்படுவதாகக் கொள்வோம். இது 150 சதவீத உயர்வாகும். கழகத்தில் 150 அங்கத்தவர்கள் இருப்பின் மேலதிகமாகச் சேரும் தொகை 270,000 ரூபா. மின்கட்டணம், மைதானப் பராமரிப்பு, பந்துகள், வலைகள், பயிற்றுநர் கொடுப்பனவு ஆகியவற்றின் மேலதிகச் செலவு இத்தொகையை எட்டுகின்றதா? கடந்த ஆண்டின் கணக்கறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இக்கேள்வியை எழுப்பும் கடிதத்தை எந்தப் பொருளாளரும் இலகுவில் ஒதுக்கிவிட முடியாது.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேற்படாதிருப்பது நன்று. செயலாளருக்கு முகவரியிட்டு, திகதி, அங்கத்துவ இலக்கம், ஆட்சேபிக்கப்படும் அறிவித்தலின் திகதி ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். தொடக்கம் நேரடியாக அமையட்டும்: "ஆண்டுச் சந்தாவை 1,200 ரூபாவிலிருந்து 3,000 ரூபாவாக உயர்த்தும் தங்கள் அறிவித்தலுக்கு எனது ஆட்சேபனையை இத்தால் தெரிவித்துக்கொள்கின்றேன்." அதனைத் தொடர்ந்து யாப்பின் எந்தப் பிரிவு மீறப்பட்டுள்ளது, எந்தக் கணக்கு தெளிவில்லை, எவருக்கு இதனால் பாதிப்பு என்பவற்றை இலக்கமிட்டு எழுதலாம். நிர்வாகிகளின் நேர்மையைச் சந்தேகிக்கும் சொற்கள் ஆதாரமின்றி இடம்பெறலாகாது. அவர்களுள் பலர் ஊதியமின்றி உழைப்பவர்கள் என்பதை மறந்துவிடக்கூடாது.

வெறும் மறுப்போடு நின்றுவிடும் கடிதம் பாதிக் கடிதமே. உயர்வை இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்குப் பகிர்ந்து அறவிடுதல், மாணவருக்குக் குறைந்த கட்டணம், ஒரே குடும்பத்தின் இரண்டாவது பிள்ளைக்குச் சலுகை, தவணை முறையில் செலுத்தும் வசதி, வெளிநாடுகளில் வாழும் பழைய வீரர்களிடம் உபகரண நன்கொடை கோருதல் எனப் பல மாற்று வழிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றையேனும் முன்வைத்து, குறித்த திகதிக்குள் எழுத்துமூலப் பதிலைக் கோர வேண்டும். பலர் சேர்ந்து ஒப்பமிடுவது கடிதத்துக்கு வலுச் சேர்க்கும். பதிவுத் தபாலில் அனுப்புவதோ, பிரதியொன்றில் பெற்றுக்கொண்டமைக்கான ஒப்பம் பெறுவதோ உசிதமானது.

இங்கு ஓர் எச்சரிக்கை. ஆட்சேபனை தெரிவித்தோம் என்பதற்காகச் சந்தாவை அடியோடு நிறுத்திவிடுவது புத்திசாலித்தனமன்று. நிலுவை வைத்திருப்போர் வாக்களிக்க முடியாது எனப் பல கழக யாப்புகள் கூறுகின்றன. ஆகவே "ஆட்சேபனைக்கு உட்பட்டுச் செலுத்துகின்றேன்" என எழுதிக்கொடுத்துப் பணத்தைக் கட்டிவிட்டு, வாக்குரிமையைக் காத்துக்கொள்வதே சிறந்தது. பதில் கிடைக்காவிடின், யாப்பில் கூறப்பட்ட எண்ணிக்கையானோரின் ஒப்பத்துடன் விசேட பொதுக்கூட்டத்தைக் கோரலாம். அல்லது வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குப் பிரேரணையாக அனுப்பலாம்.

ஊர்க் கழகம் என்பது பணம் படைத்தோரின் பொழுதுபோக்கிடமன்று. கடற்றொழிலாளியின் மகனும் கூலித் தொழிலாளியின் மகளும் காலணி கட்டிக் களமிறங்கும் இடம் அது. அவர்கள் சந்தாவுக்கு அஞ்சி விலகும்போது எவரும் கடிதம் எழுதுவதில்லை. மறுநாள் பயிற்சியில் ஓர் இடம் வெறுமையாக இருக்கும், அவ்வளவுதான். அவ்விடம் வெறுமையாகுமுன் நிர்வாகத்துக்கு உண்மையை எடுத்துரைப்பது எழுதத் தெரிந்த அங்கத்தவர்களின் கடமையாகும். அக்கடிதத்தைப் பகைமையாகக் கருதாது, கணக்கைத் திறந்து காட்டி விளக்கமளிப்பது நிர்வாகத்தின் கடமையாகும்.