அரிய நோயும் அறிய வேண்டிய கணக்கும்

“சாமி, வயிற்றுப் பிள்ளையோடு பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போனேனே, அந்த மருந்துதான் என் குழந்தையைக் கெடுத்துவிட்டதோ?” சிவகாசிப் பகுதித் தாய் ஒருவர் இவ்வாறு கேட்டுக் கண்ணீர் வடித்தார். அவருடைய 3 வயது மகளுக்கு அட்ரீனல் சுரப்பியில் புற்றுநோய்.

சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் சிறு சுரப்பிகள் இவை. இவற்றின் புறப்பகுதியில் தோன்றும் இப்புற்றுநோய் ஆண்டுக்கு 10 லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கே வருவது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி விருதுநகர் மாவட்ட மக்கள்தொகை 19 லட்சத்து 42 ஆயிரம். இந்த விகிதப்படி நம் மாவட்டம் முழுவதிலும் ஆண்டுக்கு 2 முதல் 4 பேருக்கு வரலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளையும், நாற்பது ஐம்பது வயதினரையும் இது மிகுதியாகத் தாக்குகின்றது.

பட்டாசுத் தொழிலுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு நிறுவப்படவில்லை. இந்நோயுற்ற குழந்தைகளில் பாதிப்பேருக்கேனும் பிறவியிலேயே அமைந்த மரபணு மாற்றம் காணப்படுகின்றது. அத்தகைய மாற்றமொன்று தலைமுறைகளாகப் பரவியுள்ள தெற்குப் பிரேசிலில், குழந்தைகளிடையே இந்நோய் பிற நாடுகளைவிட 10 முதல் 15 மடங்கு மிகுதி. ஆதலால் தாயின் மேல் பழியில்லை. ஆயினும் உடன்பிறந்தோரையும் பரிசோதிக்க வேண்டுமா என மருத்துவரிடம் கேட்டறிவது நலம்.

இறப்பு விகிதமோ, நோய் கண்டறியப்படும் காலத்தைப் பொறுத்தது. சுரப்பிக்குள் அடங்கியிருக்கையில் கண்டறிந்தால், 100 பேரில் ஏறத்தாழ 60 முதல் 80 பேர் ஐந்தாண்டு கடந்து வாழ்கின்றனர். நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ பரவிய பின்னர் அத்தொகை மிகவும் கீழே இறங்குகின்றது. சிறு குழந்தைகள் பிழைக்கும் வாய்ப்பு பெரியோரைவிட மிகுதி. கட்டியை உடையாமல் முழுமையாக அகற்றும் அறுவையே முதன்மைச் சிகிச்சை.

பச்சிளம் வயதில் பருவமடைந்தாற்போல் ரோமம் முளைத்தல், முகம் திடீரென உருண்டு வீங்குதல், பெண்களுக்கு மீசை தாடி அரும்புதல், இளவயதில் கடும் இரத்த அழுத்தம் ஆகியவை இதன் அடையாளங்கள். இவற்றுக்கு வேறு சாதாரணக் காரணங்களே பெரும்பாலும் இருக்கும். எனினும் வெட்கத்தால் மறைத்தும், கைமருந்து கொடுத்தும் மாதங்களைக் கடத்தலாகாது. விருதுநகரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகின்றது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954 முதல் பணியாற்றி வருகின்றது.

அன்பர்களே, இத்தகைய துயருற்ற இல்லத்துக்குச் செல்லும்போது காரணம் ஆராய வேண்டாம். “எத்தனை பேர் பிழைத்தனர்?” என்னும் கணக்கும் அங்கே வேண்டாம். அந்தத் தாய்க்கு அவள் மகள் நூற்றில் ஒரு பங்கல்லள். முழுமையான ஒரு பிள்ளை. மருத்துவமனைக்குத் துணையாக ஒருவர் செல்வதும், வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்கு ஒருவேளை உணவு சமைத்தளிப்பதுமே அவ்வேளையில் நாம் செய்யத்தக்க உதவி.