கோட்டை யாருக்குச் சொந்தம்?

ஹாரி பாட்டர்: புத்தகமா, படமா? ஒரு காலத்தில் நீதிமன்றம்வரை போன கோட்டையின் அருகே இன்னும் தீராத வழக்கு

நியூ டவுனில் நகல்களுக்குப் பஞ்சமில்லை. 2012 டிசம்பரில் திறக்கப்பட்ட ஈகோ பார்க்கில் எகிப்தியப் பிரமிடு நிற்கிறது. அங்கேயே தாஜ்மகால், பெட்ரா, ரோமாபுரியின் கொலோசியம் எல்லாம் உண்டு. பக்கத்தில், 2014இல் திறந்த மதர்ஸ் மெழுகு மியூசியத்தில் பிரபலங்கள் மெழுகாக உறைந்து நிற்கிறார்கள். கொல்கத்தாவாசிகள் குடும்பத்தோடு வந்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஜால்முரி கொறித்தபடி வீடு திரும்புகிறார்கள். அசல் பிரமிடு இப்படி இருக்காது என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை.

ஆனால் இதே ஊரில் ஹாரி பாட்டர் வாசகர்கள் இருவரை ஒரு மேஜையில் உட்காரவைத்து, புத்தகம் மேலா படம் மேலா என்று கேட்டுவிட்டால் தேநீர் ஆறிவிடும். நியூ டவுனையும் பக்கத்து செக்டர் ஃபைவையும் நிரப்பும் கம்ப்யூட்டர் நிறுவனங்களின் ஊழியர்களில் பலர் சரியாக அந்தத் தலைமுறை. முதல் படம் வெளிவந்த 2001இல், கதாநாயகனைப் போலவே 11 வயதில் இருந்தவருக்கு இன்று முப்பதுகளின் நடுப்பகுதி. ஏழு புத்தகங்களையும் (1997-2007) எட்டுப் படங்களையும் (2001-2011) வளரும் வயதில் ஒன்றோடொன்று கலந்து பெற்றவர்கள் இவர்கள். ஒரு படம் பார்த்துவிட்டு அடுத்த புத்தகத்துக்குக் காத்திருந்தார்கள். அந்தப் புத்தகம் வந்தபோது, அதிலிருந்த முகங்கள் எல்லாம் படத்து முகங்களாக இருந்தன. சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

துணிக் கோட்டை

இந்தச் சண்டைக்கு நியூ டவுனிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்திலேயே ஒரு சரித்திரம் உண்டு. நியூ டவுனை ஒட்டி மேற்கே இருக்கும் சால்ட் லேக்கில், எஃப்.டி. பிளாக் துர்கா பூஜைக் கமிட்டியினர் 2007ஆம் ஆண்டு பந்தலுக்கு ஹாக்வர்ட்ஸ் மந்திரப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தார்கள். மூங்கில், கான்வாஸ் துணி, காகிதக்கூழ் கொண்டு கோபுரங்கள் எழுந்தன. ஹாரி பள்ளிக்குப் போகும் ரயிலும் தயாரானது. கடைசிப் புத்தகம் வெளியாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஜூலை 21 அதிகாலையிலேயே இந்தியப் புத்தகக் கடைகள் கதவு திறந்து விற்ற புத்தகம் அது.

பூஜைப் பந்தலில் உலகத்தையே நகலெடுப்பது வங்காளத்துக்குப் புதிதல்ல. ஸ்ரீபூமி ஸ்போர்ட்டிங் கிளப் 2017இல் 'பாகுபலி'யின் மகிழ்மதி அரண்மனையையும், 2021இல் துபாயின் புர்ஜ் கலீஃபாவையும் பந்தலாக்கியது. ஆனால் சால்ட் லேக் கோட்டைக்கு பிரிட்டனிலும் ஹாலிவுட்டிலும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். ஜே.கே. ரௌலிங், வார்னர் பிரதர்ஸ் சார்பில் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்கு. அனுமதியின்றிப் பயன்படுத்தியதற்கு 20 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கேட்கப்பட்டது. அனுமதி வாங்க வேண்டும் என்பதே தங்களுக்குத் தெரியாது என்றார்கள் அமைப்பாளர்கள். நீதிமன்றம் நடுவழியைப் பிடித்தது: லாப நோக்கமில்லாத திருவிழா என்பதால் பந்தல் அக்டோபர் 26வரை இருக்கலாம், நஷ்டஈடு இல்லை, ஆனால் இனிமேல் அனுமதி இல்லாமல் கூடாது. அம்மன் அந்த ஆண்டு ஹாக்வர்ட்ஸிலேயே எழுந்தருளினாள்.

வங்காளத்துக்கு இது முதல் அனுபவமும் அல்ல. 2003இல் ஹாரியைக் கொல்கத்தாவுக்கே வரவழைத்து, வங்க இலக்கியப் பாத்திரங்களோடு பழகவிட்ட ஒரு வங்காளிப் புத்தகம் வந்தது. பதிப்பாளர்களின் வழக்கறிஞர் நோட்டீசுக்குப் பின் அது கடைகளிலிருந்து மறைந்தது. ஆனால் 2008இல் 'ஹரி புத்தர்' என்ற இந்திப் படத்துக்கு எதிராக வார்னர் பிரதர்ஸ் தொடுத்த வழக்கு எடுபடவில்லை. பாட்டரைப் படித்தவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள் என்பது தில்லி உயர்நீதிமன்றத்தின் கருத்து. வாசகரின் புத்திசாலித்தனத்துக்குச் சட்டம் தந்த நற்சான்று!

சால்ட் லேக் வழக்கில் சட்டத்துக்கு வெளியே ஒரு கேள்வியும் இருந்தது. புத்தகத்தில் ஹாக்வர்ட்ஸ் என்பது ஏரிக்கு அப்பால் மலைமேல் தெரியும் பல கோபுரங்கள், வெளிச்சமான ஜன்னல்கள், அவ்வளவுதான். மிச்சத்தை வாசகர் கட்டிக்கொள்ள வேண்டும். சென்னைச் சிறுவன் ஒருவன் அதைச் செஞ்சிக் கோட்டை போலக் கட்டியிருப்பான். கொல்கத்தாச் சிறுமி விக்டோரியா நினைவு மண்டபத்துக்குக் கூடுதலாக நான்கு கோபுரம் வைத்திருப்பாள். இவற்றில் எதற்கும் யாரும் நோட்டீசு அனுப்ப முடியாது. ஆனால் கலை இயக்குநர் ஸ்டூவர்ட் கிரெய்க் படத்துக்காக உருவாக்கிய மாதிரிக் கோட்டை 2001இல் திரையில் தோன்றியதும், உலகம் முழுவதும் இருந்த பல லட்சம் கோட்டைகள் ஒரே நாளில் இடிந்துவிட்டன. அதன்பின் எல்லோருக்கும் ஒரே கோட்டை. இதில் வேடிக்கை என்னவென்றால் அதுவும் நிலையாக இல்லை. மூன்றாவது படத்தில் புதிதாகப் பாலமும் மணிக்கூண்டும் முளைத்தன. ஹாக்ரிடின் குடிசை சரிவுக்கு இடம் மாறியது.

புகார்ப் பட்டியல்

வாசகர்களின் குறைகளைக் கேட்டால் முதலில் வருவது கண். புத்தகத்தில் ஹாரிக்குத் தாய் லில்லியின் பச்சைக் கண்கள். நடிகர் டேனியல் ராட்க்ளிஃபுக்கு நீலம். கான்டாக்ட் லென்ஸ் அவருக்கு ஒத்துக்கொள்ளாததால் நீலமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். சின்ன விஷயம்தானே? வாசகர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பேராசிரியர் ஸ்னேப் சாகும்போது கடைசியாகப் பார்க்க விரும்புவது அந்தத் தாயின் கண்களைத்தான். ஏழு புத்தகங்களின் ரகசியமே அதில் இருக்கிறது. கடைசிப் படத்திலோ சிறுமி லில்லியாக வந்தவரின் கண்கள் பழுப்பு.

அடுத்தது காணாமல் போனவர்கள். பள்ளியைக் கலாட்டா செய்யும் பீவ்ஸ் என்ற குறும்புப் பேய் ஒரு படத்திலும் இல்லை. நடிகர் ரிக் மேயல் நடித்து, படம் பிடித்து, கடைசியில் வெட்டிவிட்டார்கள். அடிமை வேலை செய்யும் குட்டிச்சாத்தான்களுக்காக ஹெர்மயனி நடத்தும் இயக்கமும் இல்லை. தொடரின் மிகத் தடித்த புத்தகம் ஐந்தாவது. ஆனால் அதன் படம் 138 நிமிடம்தான் ஓடியது. அதுவரை வந்தவற்றில் அதுவே மிகச் சிறியது.

இந்திய வாசகர்களுக்கென்று தனியே ஒரு மனத்தாங்கலும் உண்டு. ஹாரியோடு படிக்கும் பார்வதி பாட்டீல், பத்மா பாட்டீல் இரட்டையர். புத்தகத்தில் ஒருத்தி க்ரிஃபிண்டார் அணி, மற்றவள் ரேவன்க்ளா. பிறப்பில் ஒன்றானாலும் குணத்தில் வேறு என்பது அதன் பொருள். படத்தில் இருவரையும் ஒரே அணியில் சேர்த்து, நான்காவது படத்தின் நடன விருந்தில் ஒரே மாதிரி லெஹங்கா உடுத்தி நிறுத்தினார்கள். புத்தகத்தில் அவர்கள் மற்ற மாணவிகளைப் போலவே அங்கி அணிந்திருந்தார்கள், ஒருத்தி பளீர் இளஞ்சிவப்பில், மற்றவள் நீலப்பச்சையில். எழுத்தில் பள்ளித் தோழிகளாக இருந்தவர்கள் திரையில் 'இந்தியப் பெண்கள்' ஆகிவிட்டார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய வாதம் முடிவைப் பற்றியது. புத்தகத்தில் கொடியவன் வோல்டமார்ட் பள்ளியின் பெரிய மண்டபத்தில், எல்லோர் கண்முன்னும் விழுந்து சாகிறான். பிணம் கிடக்கிறது. மரணத்தை வென்றதாக நினைத்தவன் மற்ற எந்த மனிதனையும் போலச் செத்தான் என்பதுதான் கதையின் நீதி. படத்தில் ஆளில்லாத முற்றத்தில் இருவர் மட்டும் மோதுகிறார்கள், அவன் சாம்பல் துகள்களாகக் காற்றில் கரைகிறான். கண்ணுக்கு விருந்து, சந்தேகமில்லை. ஆனால் சாதாரணமாகச் சாக வேண்டியவனுக்கு அசாதாரணச் சாவு கிடைத்துவிட்டது. இதைச் சொல்லும் வாசகர் வெறும் விடுபட்ட காட்சிக்காக அழவில்லை. கதை சொன்ன பொருளே மாறிவிட்டது என்கிறார்.

படத்தின் பக்கமும் வாதம் உண்டு. வோல்டமார்டின் ஆட்கள் தன் பெற்றோரைத் தேடி வரக்கூடாது என்பதற்காக, ஹெர்மயனி அவர்கள் நினைவிலிருந்தே தன்னை அழித்துவிடுகிறாள். புத்தகத்தில் இது போகிற போக்கில் சொல்லப்படும் செய்தி. ஏழாவது படம் அதைத் தொடக்கக் காட்சிகளில் ஒன்றாக வைத்தது. சுவரிலிருக்கும் குடும்பப் புகைப்படங்களிலிருந்து மகள் ஒவ்வொன்றாக மறைகிறாள். படித்தபோது கலங்காதவர்கள்கூடப் பார்த்தபோது கலங்கினார்கள். ஸ்னேப் விஷயமும் அப்படித்தான். புத்தகத்தில் முதல் ஆண்டில் அவருக்கு வயது 31. நடித்த ஆலன் ரிக்மனோ ஐம்பதைத் தாண்டியவர். ஆனால் 2016இல் ரிக்மன் இறந்தபோது உலகம் ஸ்னேப்புக்கே அஞ்சலி செலுத்தியது.

ராய் வீட்டு வழி

வங்காளிகளுக்கு இந்த விவகாரம் ஹாரி பாட்டரோடு தொடங்கியதல்ல. அவர்கள் வீட்டிலேயே எழுத்தாளரும் இயக்குநரும் ஒருவராக இருந்தார். சத்யஜித் ராய் 1969இல் எடுத்த 'கூபி கைன் பாகா பைன்' அவருடைய தாத்தா உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி எழுதிய மாயக்கதை. ராய் அதைத் தாராளமாகவே மாற்றினார். படத்தின் சிகரமான பேய்களின் நடனத்துக்கு அவர் தேடிப் போனது தமிழர்களுக்கு நெருக்கமான இடம்: மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங். நான்கு வகைப் பேய்களுக்கு நான்கு தென்னிந்திய வாத்தியங்கள். காகிதத்தில் கேட்காத தாளம் அது.

பிறகு ராய் தன் சொந்தக் கதைகளுக்கே கை வைத்தார். அவருடைய துப்பறிவாளர் ஃபெலுதா தொடர் 1965இல் 'சந்தேஷ்' பத்திரிகையில் தொடங்கியது. மாயக்கதை அல்ல என்றாலும், வங்காளக் குழந்தைகளிடம் அதற்கு இருக்கும் இடம் பாட்டருக்கு இணையானது. 1971இல் எழுதிய 'சோனார் கெல்லா' நாவலில் போலி ஆசாமி யார் என்பது கடைசிவரை ரகசியம். 1974இல் தானே படமாக்கியபோது, தொடக்கத்திலேயே குட்டை உடைத்துவிட்டார். படிப்பவருக்குப் புதிர் வேண்டும், பார்ப்பவருக்குப் பதைப்பு வேண்டும் என்று பிரித்துப் பார்த்த செயல் அது.

அதைவிடச் சுவாரசியம் அடுத்து நடந்தது. ஃபெலுதாவின் நண்பரான எழுத்தாளர் ஜடாயுவாக சந்தோஷ் தத்தா நடித்தார். அந்தப் படத்துக்குப் பின் வந்த கதைகளுக்கு ராய் வரைந்த சித்திரங்களில் ஜடாயுவின் சாயல் மாறியது: மெல்ல மெல்ல அவர் சந்தோஷ் தத்தா ஆகிவிட்டார். 1988இல் தத்தா இறந்தபின் ராய் மறுபடி ஃபெலுதா படம் எடுக்கவில்லை. இங்கே படம் புத்தகத்தைக் கெடுக்கவில்லை. ஆசிரியரின் சம்மதத்தோடு புத்தகத்துக்குள்ளேயே குடிபுகுந்துவிட்டது. அதன்பின் மகன் சந்தீப் ராயும் மற்றவர்களும் வேறு வேறு நடிகர்களைக் கொண்டு எடுத்த ஃபெலுதாக்களையெல்லாம் வங்காளி வாசகர் எதோடு ஒப்பிடுகிறார்? புத்தகத்தோடு என்று சொல்லிக்கொள்கிறார். உண்மையில் பலர் மனத்தில் இருப்பது சௌமித்ர சட்டர்ஜியும் சந்தோஷ் தத்தாவும்தான்.

தமிழர்களும் இந்தக் கூண்டில் நிற்கிறவர்களே. 2022, 2023இல் மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகங்களாக வந்தபோது, மணிமேகலை எங்கே, பூங்குழலிக்கு ஏன் இவ்வளவு குறைந்த இடம் என்று வீட்டுக்கு வீடு விசாரணைக் கமிஷன் நடந்தது. கல்கி முடிச்சாகவே விட்டுச்சென்ற ஆதித்த கரிகாலன் மரணத்துக்குத் திரை ஒரு விடை காட்டியாக வேண்டியிருந்தது. ஆனால் நாம் கற்பனையில் கண்டதாக நம்பிய வந்தியத்தேவனின் முகமும் முழுக்க நமதல்ல. 1950இல் தொடர் தொடங்கியபோதே ஓவியர் மணியம் தந்த முகம் அது.

அப்படியானால் எந்தக் கற்பனையும் கலப்பில்லாதது அல்ல. இருந்தாலும் ஓவியத்துக்கும் திரைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மணியத்தின் சித்திரம் வாரத்துக்கு ஒன்றிரண்டு காட்சியைக் காட்டி, மீதியை வாசகரிடம் விட்டது. சினிமா எதையும் விட்டுவைப்பதில்லை. அதனால்தான் இன்று முப்பதைக் கடந்த பெற்றோருக்குள் ஒரு புதிய தர்மசங்கடம்: பிள்ளைக்கு முதலில் புத்தகமா, படமா? படத்தை முதலில் காட்டிவிட்டால் சொந்தக் கோட்டை கட்டும் வாய்ப்பு அந்தக் குழந்தைக்கு ஒருபோதும் கிடைக்காது. புத்தகம் முடியட்டும் என்று காத்திருந்தால், பள்ளிக்கூட நண்பர்கள் எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிடுவார்கள்.

கோட்டை மறுபடி கட்டப்படுகிறது என்பது இன்னொரு செய்தி. அந்தப் புத்தகங்களை மீண்டும், இம்முறை தொலைக்காட்சித் தொடராக எடுக்கப்போவதாக 2023 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. 2025இல் புதிய ஹாரி, புதிய ஸ்னேப் பெயர்கள் வெளியானதுமே வாதம் தொடங்கிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை கவனிக்கத்தக்கது. புதிய நடிகர்களை எதிர்ப்பவர்களில் பலர் புத்தகத்தின் பேரால் பேசினாலும், காவல் காப்பது பழைய படங்களைத்தான். அன்று நகல் என்று திட்டப்பட்டது இன்று அசலாகிவிட்டது.

துர்கா பூஜை ஊருக்கு இது புரியாத விஷயமல்ல. விஜயதசமி முடிந்ததும் எந்த அரண்மனையும் பிரிக்கப்படும், மூங்கில் கழற்றப்படும், சிலை நதிக்குப் போகும். அடுத்த ஆண்டு அதே அம்மனுக்கு வேறொரு வீடு. சென்ற ஆண்டுப் பந்தல் இதைவிட நன்றாக இருந்தது என்று சொல்லாத கொல்கத்தாவாசி கிடையாது. ஆனாலும் புதியதைப் பார்க்க வரிசையில் நிற்காதவரும் கிடையாது. 2007இன் துணிக் கோட்டை அப்படித்தான் மறைந்தது. புத்தகம் அலமாரியில் இருக்கிறது. அதைப் பிரிக்கும் ஒரு பத்து வயதுச் சிறுமி, யாருடைய அனுமதியும் இல்லாமல், தன் கோட்டைக்கு முதல் கல்லை இன்றும் எடுத்து வைக்கலாம்.