ஐசியூவில் அப்பா திடீரென்று குழம்பிப் பேசுகிறாரா? 'டெலிரியம்' பற்றி இதைத் தெரிஞ்சுக்கோங்க!

"தூத்துக்குடிக்கு கன்டெய்னர் கிளம்பணும்... பீஸ் இன்னும் பேக்கிங் ஆகல. என்னை ஏன் கட்டிப் போட்டிருக்கீங்க?"

திருப்பூர் பனியன் கம்பெனியில் 30 வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்த ஒருவர், நிமோனியாவுக்காக ஐசியூவில் சேர்க்கப்பட்ட மூன்றாம் நாள் இரவு இப்படிப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்குகிறார். மகளையே யாரென்று கேட்கிறார். வெளியே நிற்கும் குடும்பத்துக்கு ஒரே கேள்விதான்: "எங்கப்பாவுக்கு என்னங்க ஆச்சு?"

அவருக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. இதன் பெயர் டெலிரியம்.

டெலிரியம் என்றால் என்ன?

உடல் கடுமையாக நோய்வாய்ப்படும்போது மூளையும் தடுமாறும் நிலை இது. காய்ச்சல் முற்றிப் பிதற்றுவதை நம் பாட்டிகள் 'ஜன்னி' என்றார்களே, கிட்டத்தட்ட அதுதான். மறதிநோய் வருடக்கணக்கில் மெல்ல வரும். டெலிரியம் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வந்துவிடும். காலையில் தெளிவாக இருப்பவர் ராத்திரியில் குழம்புவார்.

கத்துபவர்களை எல்லோரும் கவனிப்பார்கள். பேசாமல் கூரையையே வெறித்துக்கொண்டு கிடப்பவர்களை, "நல்லா தூங்குறார்" என்று விட்டுவிடுவோம். அதுவும் டெலிரியமாக இருக்கலாம். அதிகம் தவறவிடப்படுவது இந்த அமைதியான வகைதான்.

ஏன் வருகிறது?

காரணம் ஒன்றல்ல. நோய்த்தொற்று, ஆக்சிஜன் குறைவு, ரத்தத்தில் சோடியம் மாறுவது, வலி, மயக்க மருந்துகள் எல்லாமே காரணமாகலாம். இதோடு இரவு பகல் தெரியாத வெளிச்சம், ஓயாத அலாரம், கெட்டுப்போன தூக்கம். கண்ணாடியும் காதுகேள் கருவியும் வீட்டிலேயே கிடந்தால் குழப்பம் இன்னும் கூடும்.

தினமும் குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்துபவர்களுக்கு, பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தனிவகை டெலிரியம் வரலாம். அதற்கான சிகிச்சையே வேறு. அதனால் குடிப்பழக்கம் இருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

தானா சரியாகிடாதா?

பலருக்குச் சரியாகிவிடும். ஆனால் அலட்சியம் கூடாது. சண்டிகர் பிஜிஐ மருத்துவர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், ஐசியூ நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு டெலிரியம் இருந்தது.

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவர் வெஸ்லி ஈலியின் குழு, வென்டிலேட்டரில் இருந்த 224 பேரைக் கவனித்து 2004-ல் முடிவுகளை வெளியிட்டது. ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள், டெலிரியம் வந்தவர்களில் 34 சதவீதம்; வராதவர்களில் 15 சதவீதம். டெலிரியம்தான் உயிரைப் பறித்தது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் அது ஒரு எச்சரிக்கை மணி.

2013-ல் வந்த இன்னொரு ஆய்வில் 821 பேரில் 74 சதவீதத்தினருக்கு டெலிரியம் இருந்தது. அது எத்தனை நாள் நீடித்ததோ, அந்த அளவுக்கு ஒரு வருடம் கழித்தும் நினைவாற்றலும் சிந்தனையும் மோசமாக இருந்தன. பீஸ் ரேட்டில் வேலை பார்க்கும் பவர் டேபிள் டைலருக்கு, கவனம் சிதறினால் கூலியே குறையும். "உடம்பு தேறிடுச்சே, இன்னும் ஏன் வேலைக்குப் போகல?" என்று கேட்கும் முன் இதை யோசிக்கணும்.

எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

ஸ்கேன் தேவையில்லை. 2001-ல் ஈலி குழு உருவாக்கிய 'கேம்-ஐசியூ' பரிசோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். எழுத்துகளை வரிசையாகச் சொல்வார்கள்; குறிப்பிட்ட எழுத்து வரும்போது நோயாளி கையை அழுத்த வேண்டும். "கல் தண்ணீரில் மிதக்குமா?" போன்ற எளிய கேள்விகளும் உண்டு. தலையசைத்தே பதில் சொல்லலாம் என்பதால் வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

திருப்பூரில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தொழிலாளியிடம் நர்ஸ் தமிழில் கேட்கிறார், பதில் இல்லை. அது குழப்பமா, மொழி புரியாததா? அவர் மொழி பேசும் ஒரு ரூம்மேட்டோ, ஊரிலிருக்கும் மனைவியின் போன் காலோ இருந்தால்தான் தெரியும்.

மாத்திரை இருக்கிறதா?

பெரிதாக இல்லை. ஹாலோபெரிடால், சிப்ராசிடோன் மருந்துகளை டம்மி மருந்தோடு ஒப்பிட்ட 2018 ஆய்வில், டெலிரியம் நீடிக்கும் நாட்கள் குறையவில்லை. பலன் தருபவை சாதாரண விஷயங்கள்: மூலகாரணத்துக்குச் சிகிச்சை, மயக்க மருந்தைக் குறைப்பது, இரவில் தூங்கவிடுவது, சீக்கிரம் எழுந்து உட்கார, நடக்க வைப்பது. கூடவே, குடும்பத்தின் குரல். 14 நாடுகளில் 2,088 கோவிட் ஐசியூ நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், உறவினர்கள் நேரிலோ வீடியோ காலிலோ பார்த்தவர்களுக்கு டெலிரியம் குறைவாக இருந்தது.

நீங்கள் என்ன செய்யலாம்?

* கண்ணாடி, காதுகேள் கருவி, பல்செட்டைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.
* தினமும் பெயர், நாள், இடம் சொல்லிப் பேசுங்கள்: "அப்பா, நான் வந்திருக்கேன். இன்னிக்கு வியாழக்கிழமை. நீங்க ஆஸ்பத்திரில இருக்கீங்க."
* இல்லாததைப் பார்த்ததாகச் சொன்னால் வாதாடாதீர்கள். "பயப்படாதீங்க, நான் இருக்கேன்" போதும்.
* "எப்பவும் இப்படிப் பேச மாட்டார்" என்று தோன்றினால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.
* டாக்டரிடம் கேளுங்கள்: டெலிரியம் பார்த்தீங்களா? மயக்க மருந்தைக் குறைக்க முடியுமா?

அவருடைய இயல்பான பேச்சு எது, குழம்பிய பேச்சு எது என்று மானிட்டருக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். பார்வையாளர் நேரம் பத்து நிமிஷம்தான் என்றாலும் போய்ப் பேசிவிட்டு வாங்க.