சிவப்பழகுக் களிம்பும் சிறுநீரகமும்: பாதரசம் பற்றி அறிய வேண்டியவை

முகத்தில் பூசும் களிம்பு சிறுநீரகத்தைப் பாதிக்குமா என்று நோயாளிகளும் உறவினர்களும் ஐயத்துடன் கேட்பதுண்டு. அக்களிம்பில் பாதரசம் கலந்திருந்தால் பாதிக்கும். கால் வீக்கத்துக்காகவோ சிறுநீரில் நுரை வருவதற்காகவோ சிகிச்சைக்கு வருபவர்கள், தாம் உண்ணும் மாத்திரைகளைத் தவறாமல் சொல்கிறார்கள். பூசும் களிம்பைச் சொல்வதில்லை. அது மருந்தன்று என்ற எண்ணமும், சொல்வதற்குக் கூச்சமும் இதற்குக் காரணங்கள். ஆனால் நோயின் மூலகாரணம் அந்தச் சிறு டப்பாவிலேயே இருக்கக்கூடும்.

கேரளத்தில் கண்டறியப்பட்டது

அண்டை மாநிலமான கேரளத்தின் மலப்புறம் மாவட்டம், கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தம்மிடம் வந்த, 'மெம்பரனஸ் நெஃப்ரோபதி' என்னும் சிறுநீரக நோய் கண்ட 22 பேரை ஆராய்ந்தனர். இந்நோயில் சிறுநீரகத்தின் வடிகட்டிகள் பழுதடைந்து, உடலுக்குத் தேவையான புரதம் சிறுநீரில் வெளியேறும். அந்த 22 பேரில் 15 பேருக்கு 'நெல்-1' என்ற அரிய வகை காணப்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர், நோய் தோன்றுமுன் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள்.

அவர்களுள் பெரும்பாலோருக்கு வீக்கம் மிகக் குறைவாகவே இருந்தது. ஆயினும் அனைவரின் சிறுநீரிலும் புரதம் மிகுந்திருந்தது. ஒருவருக்கு மூளையின் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்தது. ஆறுதலான செய்தியும் உண்டு: களிம்பை நிறுத்திய பின் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. காரணத்தை உரிய காலத்தில் கண்டறிந்ததே இதற்கு உதவியது.

பாதரசம் செய்வது என்ன?

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அது வெயிலின் புறஊதாக் கதிர்களிலிருந்து உடலைக் காக்கும் இயற்கையான குடை. மெலனின் உருவாவதற்கு டைரோசினேஸ் என்ற நொதி தேவை. பாதரசம் அந்நொதியின் செயலைத் தடுப்பதால் தோல் சில நாட்களிலேயே வெளுத்துத் தோன்றும். பூசுவதை நிறுத்தினால் பழைய நிறம் திரும்பும்; சிலருக்கு முன்னிலும் கறுக்கும். அதனால் மீண்டும் மீண்டும் பூசத் தூண்டப்படுகிறார்கள்.

பூசப்பட்ட பாதரசம் தோலின் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகங்களில் படிகிறது. கை நடுக்கம், உறக்கமின்மை, மறதி, எரிச்சல் போன்ற நரம்புக் கோளாறுகளும் உண்டாகலாம். கருவுற்ற தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும், பின்னர்த் தாய்ப்பால் வழியாகவும் அது செல்லக்கூடும். களிம்பு பூசியவரின் கைகள், துண்டு, தலையணை உறை ஆகியவற்றின் மூலம், களிம்பையே தொடாத பிள்ளைகளின் உடலிலும் பாதரசம் சேரலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவின் 2020ஆம் ஆண்டு ஒப்பனைப் பொருள் விதிகளின்படி, முகக் களிம்பு போன்றவற்றில் தற்செயலாகக் கலந்திருக்கும் பாதரசத்தின் அளவு பத்து இலட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வேண்டுமென்றே சேர்ப்பதற்கு அனுமதி இல்லை. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றது. இருப்பினும் முறையான உரிமமின்றித் தயாரிக்கப்பட்டும், வெளிநாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டும் இத்தகைய களிம்புகள் விற்பனைக்கு வருகின்றன. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023இல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் சோதனை நடத்தி இவற்றைக் கைப்பற்றியது.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

பாதரசத்துக்கு நிறமோ மணமோ தனியே தெரியாது. கண்ணால் பார்த்து உறுதி செய்ய இயலாது. எனினும் பின்வருவன எச்சரிக்கைக் குறிகள்:

- தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், சேர்மானப் பட்டியல் ஆகியவை இல்லாமை.
- வெளிநாட்டுப் பொருளாயின், இறக்குமதிப் பதிவு எண் இல்லாமை.
- 'ஒரே வாரத்தில் சிவப்பு' என்பது போன்ற வாக்குறுதி.
- சேர்மானங்களில் கலோமெல், மெர்குரிக், மெர்குரஸ் போன்ற சொற்கள் இருத்தல்.
- 'தங்கம், வெள்ளி நகைகளில் படக் கூடாது' என்ற குறிப்பு. பாதரசம் தங்கத்துடன் கலந்து வெண்மையான கறையை உண்டாக்கும் என்பதே இதன் காரணம்.

அயல்நாட்டில் பணிபுரியும் உறவினர் அன்புடன் கொண்டுவந்த களிம்பாயினும், ஃபேன்ஸி ஸ்டோரிலோ அழகு நிலையத்திலோ பெயரில்லாத டப்பாவில் கிடைத்ததாயினும் இதே கவனம் தேவை.

மங்குக்கு முறையான சிகிச்சை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் பயிரிடும் வயல்களிலும், முந்திரித் தோப்புகளிலும், சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் நாள் முழுதும் வெயிலில் உழைப்போர் பலர். கன்னங்களிலும் நெற்றியிலும் படரும் மங்கு, வெயிலாலும் கருவுற்ற காலத்து ஹார்மோன் மாற்றத்தாலும் அதிகரிக்கும். மங்குக்குச் சிகிச்சை நாடுவது தவறன்று. ஆனால் மாநிறமும் கறுப்பு நிறமும் நோய்களல்ல. அவற்றுக்குச் சிகிச்சை தேவையில்லை.

தோல் மருத்துவர்கள் மங்குக்கு ஹைட்ரோகுயினோன் என்ற மருந்தை அளவறிந்து, சில மாதங்களுக்கு மட்டும் பரிந்துரைப்பார்கள். மேற்பார்வையின்றி நெடுநாள் பூசினால் தோலில் நீலங்கலந்த கருமை படிந்து நிலைத்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியம் ஒப்பனைக் களிம்புகளில் இதைச் சேர்ப்பதை 2001இல் தடை செய்தது. கருவுற்றோர் இதைத் தவிர்க்க வேண்டும். அசெலாயிக் அமிலம், நியாசினமைடு, கோஜிக் அமிலம் ஆகியவையும் பயன்படுகின்றன; எது யாருக்கு ஏற்றது என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை மருந்துக் கடையில் தாமாகவே கேட்டு வாங்குதல் கூடாது. 2018இல் மத்திய அரசு இவற்றுள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. நெடுநாள் பூசினால் தோல் மெலியும், பருக்கள் தோன்றும், முகம் சிவந்து எரியும்.

எந்தச் சிகிச்சையாயினும் வெயிலிலிருந்து காப்பு இல்லையேல் பயன் தராது. அகன்ற தொப்பி, குடை, முகத்தை மறைக்கும் பருத்தித் துணி ஆகியவை செலவு குறைந்த காப்புகள். மருத்துவர் கூறும் சன்ஸ்கிரீனையும் சேர்த்துப் பயன்படுத்தலாம்.

ஏற்கெனவே பூசி வந்தவர்கள் செய்ய வேண்டியவை

ஐயத்துக்குரிய களிம்பை உடனே நிறுத்துங்கள். ஆனால் அதைத் தூக்கி எறிய வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். எரித்தால் நச்சு ஆவி பரவும். மூடியை இறுக்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அட்டைப்பெட்டியுடன் மருத்துவரிடம் கொண்டுவாருங்கள். பயன்படுத்திய துண்டையும் தலையணை உறையையும் தனியே துவையுங்கள். ஸ்டீராய்டு களிம்பை நெடுநாள் பூசியவர்கள் மட்டும், திடீரென நிறுத்தினால் முகம் மேலும் சிவந்து எரியக்கூடும் என்பதால், மருத்துவரை உடனே கலந்து அதன்படி நடக்க வேண்டும்.

காலையில் இமைகள் உப்பியிருத்தல், மாலையில் பாதம் வீங்குதல், சிறுநீரில் நுரை நிலைத்திருத்தல், காரணமற்ற சோர்வு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் சிறுநீரில் புரதம் உள்ளதா எனப் பரிசோதிக்க வேண்டும். இது எளிய, செலவு குறைந்த பரிசோதனை. அறிகுறி ஏதும் இல்லாவிடினும், மாதக்கணக்கில் பூசியவர்கள் ஒருமுறை செய்துகொள்வது நலம். தேவையெனில் இரத்தத்திலும் சிறுநீரிலும் பாதரசத்தின் அளவை அறியும் பரிசோதனைக்கு மருத்துவர் பரிந்துரைப்பார். களிம்பை நிறுத்திய பின் சிறுநீரில் புரதம் குறையப் பல மாதங்கள் ஆகலாம். இடையில் சிகிச்சையைக் கைவிடலாகாது.

உடன் வரும் குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். களிம்பு பூசியதற்காக நோயாளியைக் கடிந்துகொள்ளாதீர்கள். நிறத்தைக் குறித்து வீட்டிலும் திருமணப் பேச்சிலும் கேட்ட சொற்களே பலரை இதற்குத் தள்ளியிருக்கும். அச்சமின்றிச் சொல்ல இடமளித்தால், நோயின் காரணம் விரைவில் தெரியவரும். வேண்டாத மருந்துகளும் தவிர்க்கப்படும். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது மாத்திரைகளுடன், முகத்தில் பூசும் களிம்பு, எண்ணெய், சோப்பு ஆகியவற்றையும் ஒரே பையில் எடுத்து வாருங்கள்.